புதுக்கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

சிறையிலிருந்து வெளியே வந்து சொந்தமாகச் சிறு தொழில் தொடங்குவது பற்றிக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

விய்யூர் சிறையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். உள்ளேயே தையல் கற்றுக்கொண்டேன். கூலிப் பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது. முதலில் மிஷின் வாங்குவதா, வங்கிக்குப் போவதா?
– கொழிஞ்சாம்பாறை

இரண்டும் அப்புறம். முதல் வேலை செல்போன் எண். ஏழு வருஷம் ரீசார்ஜ் செய்யாத எண் இந்நேரம் வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும். உங்கள் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அந்தப் பழைய எண்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும், நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். புது சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைத்து எண்ணை மாற்றுங்கள். இது முடிந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும்.

அடுத்து வங்கி. இரண்டு வருஷம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். பணம் எங்கும் போய்விடாது. ஆதார், போட்டோவோடு கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தால் திரும்ப உயிர் வரும், அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. மூன்றாவது பான் கார்டு. ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் முடங்கிக் கிடக்கின்றன. உங்களுடையதும் அப்படியென்றால் 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயரை நீக்கியிருந்தால் அட்சயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) சேர்க்க மனு கொடுங்கள்.

விடுதலைச் சான்றிதழையும், தையல் பயிற்சிக்குச் சிறையில் கொடுத்த தாளையும் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தாள் தரவில்லையென்றால் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். அந்த இரண்டு தாளோடு மாவட்ட ப்ரொபேஷன் ஆபீசரை (நன்னடத்தை அலுவலர்) பாருங்கள். கேரளத்தில் இந்த அலுவலகம் சமூக நீதித் துறையின் கீழ் வருகிறது. விடுதலையானவர்கள் சுயதொழில் தொடங்க உதவித் தொகைத் திட்டம் அங்கே உண்டு. மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், சட்டத்தின் பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் போதும்.

மிஷின் விஷயம். புதிது வேண்டாம், கால்மிதி மிஷின் பழையதே நன்றாக ஓடும். வாங்குமுன் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் உள்ளே தேய்மானம். ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆடக் கூடாது. பிறகு ஒரு துண்டு மெல்லிய பாலியெஸ்டரும் ஒரு துண்டு ஜீன்ஸும் கொண்டுபோய் அங்கேயே அடித்துப் பாருங்கள். பாலியெஸ்டரில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் புது ஊசி போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கொக்கி தேய்ந்திருக்கிறது, அந்த மிஷினை விடுங்கள்.

முதல் ஆறு மாதம் ப்ளவுஸ் எடுக்காதீர்கள். துணி அவர்களுடையது, ஒரு ப்ளவுஸ் கெட்டால் தெருவே பேசும். பேன்ட் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பள்ளிச் சீருடை இடுப்பு பிரிப்பது: இவற்றில் நூலும் ஜிப்பும்தான் முதலீடு. சொன்ன நாளில் கொடுத்தால் ப்ளவுஸ் தானாக வரும்.

புளியரை ரோட்டில் வீட்டு முன்னால் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு விற்கலாம் என்று என் மகன் சொல்கிறான். நான் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. 30,000 ரூபாய் திரட்ட முடியும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை கடைகளுக்கும் போடலாமா?
– புளியரை

இடம் நல்ல இடம். குற்றாலச் சாரல் மாதங்களிலும், கார்த்திகை முதல் தை வரை சபரிமலை வண்டிகள் போகும் காலத்திலும் ரோட்டில் ஆள் குறையாது. மகன் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் சிப்ஸில் லாபமும் நஷ்டமும் காய் வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது, அடுப்பில் அல்ல.

நான்கு கிலோ காய்க்கு ஒரு கிலோ சிப்ஸ், இதை மனப்பாடம் செய்யுங்கள். 20 கிலோ காயில் தோல் போனால் சுமார் 12 கிலோ சதை. பொரித்து நீர் வற்றினால் 5 கிலோ. அதனால் காய் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் சிப்ஸுக்கு 40 ரூபாய் ஏறுகிறது. தாராக எடைபோட்டு வாங்கினால் நடுத்தண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சீப்பாக வெட்டி எடை போடச் சொல்லுங்கள், அல்லது தண்டுக்குக் கிலோ கழித்துப் பேசுங்கள். ஓணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் காய் விலை பறக்கும். அப்போது விலையை ஏற்றத் துணியாதவர்கள் அந்த மாதம் சும்மா உழைக்கிறார்கள்.

காய் முக்கால் விளைச்சலில் இருக்க வேண்டும். முனை உருண்டு வந்திருக்கும், தோல் கரும்பச்சை மாறி வெளிர் பச்சையாகும், ஆனால் மஞ்சள் தட்டக் கூடாது. பழுக்கத் தொடங்கிய காயில் சர்க்கரை ஏறியிருக்கும். எண்ணெயில் விழுந்ததும் சிவந்து, வேகுமுன் கறுத்துவிடும். பிஞ்சாக இருந்தால் வெளிறிப்போய் எண்ணெயைக் குடிக்கும். வெட்டிய இரண்டாம் நாளுக்குள் பொரித்துவிடுங்கள்.

கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோலுரியுங்கள், கறை ஒட்டாது. உரித்ததை மஞ்சள் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, எடுத்துத் துணியில் ஈரம் ஒற்றுங்கள். சீவுகட்டையில் பிளேடை ஒன்றரை மில்லிமீட்டரில் நிறுத்துங்கள். இரண்டைத் தாண்டினால் பல்லுக்கு வேலை.

உருளியில் 5 லிட்டர் எண்ணெய்க்கு ஓர் ஈட்டு ஒன்றேகால் கிலோ சதை, அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள், அடியில் தங்காமல் உடனே மேலே எழ வேண்டும். சூடு குறைவாக இருக்கும்போது அவசரப்பட்டுச் சீவினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயும் உறிஞ்சும். புகை கிளம்பினால் எண்ணெய் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சீவியது நேரே எண்ணெயில் விழட்டும், ஜல்லிக்கரண்டியால் கிளறிப் பிரித்துவிடுங்கள்.

உப்பு போடுவதில்தான் பழக்கம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 250 கிராம் உப்பும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளும் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருங்கள். முதலில் மழை போல இரையும், எட்டு நிமிடம் வாக்கில் அடங்கத் தொடங்கும். அடங்கும் நேரத்தில் இரண்டு மேஜைக்கரண்டி உப்புத் தண்ணீரை எண்ணெயில் விடுங்கள். குபீரென்று பொங்கும், நீளக் கரண்டியால் விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உருளியில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இல்லாவிட்டால் எண்ணெய் அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். திரும்பவும் சத்தம் அடங்கி, துண்டுகள் கலகலவென்று கரண்டியில் தட்டும்போது அள்ளிவிடலாம். உப்புத் தண்ணீரை முன்னாலேயே விட்டால் மொறுமொறுப்பு வராது, பின்னால் விட்டால் நிறம் கருகும்.

ஆறுமுன் டப்பாவிலோ கவரிலோ அடைத்தால் வியர்த்து மறுநாள் நமத்துவிடும். வெயில் படும் கண்ணாடி ஜாடியும் வேண்டாம், எண்ணெய்ச் சிக்கு வாடை சீக்கிரம் வரும். பழைய எண்ணெயோடு புதிதைச் சேர்த்துக்கொண்டே போவதும் கூடாது. எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் மாற்றுங்கள். போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் சேரும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதி, அதிகாரி மீட்டர் வைத்தே பார்ப்பார்.

கணக்குக்காகக் காய் கிலோ 40, எண்ணெய் கிலோ 350 என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ காய் 800. சிப்ஸ் தன் எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் எண்ணெயைக் கொண்டுபோகும், ஆக ஒன்றரை கிலோ, 525. கேஸ் 80, உப்பு மஞ்சள் கவர் 50. மொத்தம் 1,455, கிலோவுக்கு 291. வாசலில் 400-க்கு விற்றால் 5 கிலோவுக்கு 545 நிற்கிறது. கடைக்கு 340-க்குப் போட்டால் 245-தான், அதுவும் அடுத்த வாரம் வரும் காசு. முதல் ஆறு மாதம் வாசல் விற்பனையை விட்டு நகராதீர்கள். உருளியில் நிற்கும் எண்ணெய் முதலீடு, சிப்ஸோடு போகும் எண்ணெய்தான் செலவு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிக் குழம்பி, முதல் மாதமே நஷ்டம் என்று கடையைச் சாத்தியவர்கள் உண்டு.

சிலிண்டர் நீல நிற 19 கிலோதான். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரம் செய்தால் பறிமுதல் ஆகும், உங்கள் நிலையில் அப்படி ஒரு வழக்கு தேவையில்லை. இந்த அளவுக்கு உணவுப் பாதுகாப்பில் உரிமம் வேண்டாம், பதிவு போதும். மின்தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. ஜாடியிலிருந்து நிறுத்துக் காகிதப் பையில் கொடுக்கும்வரை லேபிள் தொல்லை இல்லை. பாக்கெட் போட்டு வைத்தால் பெயர், பொருட்கள், எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, பதிவு எண், பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். இந்தப் பதிவுகள் எதற்கும் போலீஸ் நற்சான்று கேட்பதில்லை, தண்டனை பெற்றவரா என்ற கேள்வியும் கிடையாது.

இனி ஆரியங்காவு. இங்கேதான் எல்லைக்காரர்கள் வழுக்குகிறார்கள். சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் மட்டும். வரி உள்ள சரக்கை அடுத்த மாநிலக் கடைக்கு அனுப்பினால் முதல் கிலோவிலிருந்தே பதிவு கட்டாயம். ஆறேழு மைல் தூரம் என்பதெல்லாம் கணக்கில் வராது. கேரளத்துக்காரர் உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு போனால் அது உள்ளூர் விற்பனை. எனவே கடைகளுக்குப் போடும் யோசனையை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள்.

தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் இருக்கிறேன், மேல்முறையீடு நடக்கிறது. கேரளத்தில் புனலூர் சந்தைக்குப் போய்க் காய்கறிச் சரக்கு எடுக்கலாமா?
– செங்கோட்டை

ஜாமீன் உத்தரவின் நகலை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். மாவட்டம் அல்லது மாநிலம் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தால் போகக் கூடாது. சரக்கு எடுக்கத்தானே என்ற சமாதானம் எடுபடாது, ஜாமீனே ரத்தாகலாம். உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடுங்கள். கடைப் பதிவு, வாடகை ஒப்பந்தம், எந்தக் கிழமை எந்தச் சந்தை என்ற விவரம் இணைத்தால் மனுவுக்குப் பலம். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் நேரம் காலை பத்து மணி என்றால் அதையும் மாற்றக் கேளுங்கள், காய்கறி வியாபாரிக்குக் காலை பத்து மணிதான் உயிர்நாடி.

வங்கியில் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேட்டேன். ‘ஆறு வருஷமா என்ன செஞ்சீங்க?’ என்றார் மேனேஜர். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– கூடலூர், தேனி மாவட்டம்

கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. ‘ஒரு வழக்கில் உள்ளே இருந்தேன், முடிந்து வந்துவிட்டேன், இப்போது இந்தத் தொழில், இதோ மூன்று மாதக் கணக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லி நோட்டை மேஜையில் வையுங்கள். வெளிநாட்டில் இருந்தேன் என்று கதை கட்டினால் பாஸ்போர்ட்டைக் கேட்பார்.

ஆனால் மேனேஜர் தயங்கும் காரணம் பல நேரம் வேறு. உள்ளே போவதற்கு முன் வாங்கிய வண்டிக் கடனோ குழுக் கடனோ கட்டாமல் நிற்கும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. எடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால், பாதி கட்டி ‘செட்டில்’ செய்வதைவிட, முழுதாகக் கட்டி ‘குளோஸ்’ என்று பதிய வைப்பது நல்லது. ‘செட்டில்டு’ என்ற சொல் அறிக்கையில் வருஷக்கணக்கில் நின்று அடுத்த கடனைத் தடுக்கும்.

தெருவோர வியாபாரமென்றால் முத்ராவைவிட மத்திய அரசின் ஸ்வநிதி கடன் எளிது. நகராட்சியின் விற்பனைச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். முதலில் 15,000, அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. ஈடு கேட்பதில்லை. இந்தத் திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியில் தினத்தண்டல்காரர் வாசலுக்கே வருவார். 10,000 என்று எழுதி 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் உங்கள் கையில் சராசரியாக நிற்பது 4,500-தான். நூறு நாளில் அதற்கு 1,000 வட்டி, ஆண்டுக்குப் பார்த்தால் 80 சதவீதத்துக்குக் குறையாது. சிப்ஸும் டீயும் இதைத் தாங்காது.

என் வீட்டுக்காரர் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பழைய சேக்காளிகள் வந்து சிகரெட் வாங்கிக்கொண்டு ‘எழுதிக்கோ’ என்கிறார்கள். ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் இவரைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள்.
– மீனாட்சிபுரம்

முதலாவதற்கு: அவரால் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது, நீங்கள் மறுக்கலாம். கல்லாவில் நீங்கள் உட்காருங்கள் அம்மா. கடன் நோட்டு என்ற ஒன்றே கடையில் இருக்கக் கூடாது, ‘கடை குழுக் கடன்ல ஓடுது, சாயந்திரம் குழுவுக்குக் கணக்குக் காட்டணும்’ என்றால் போதும். சிகரெட்டையே எடுத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. லாபம் குறைவு, நின்று பேசும் கூட்டம் அதிகம். அந்த இடத்தில் பிஸ்கட், முட்டை, சோப்பு, கோழித் தீவனம் வையுங்கள். வாங்கியதும் போய்விடுவார்கள்.

இரண்டாவதற்குக் கணக்குப் புத்தகம்தான் துணை. திறந்த நேரம், மூடிய நேரம், அன்றைய வரவு தினமும் தேதியோடு எழுதுங்கள். ஜி-பே ரசீதுகளில் நிமிடம்கூட இருக்கும். இரவு எட்டே முக்காலுக்கு அவர் பால் பாக்கெட் விற்றுப் பணம் வாங்கினார் என்பது சாட்சி. விசாரணைக்கு வாயால் கூப்பிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35-ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் நோட்டீஸ் தரச் சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும், போகும்போது ஊர்க்காரர் ஒருவர் கூடப் போகட்டும். போலீஸ் வைத்திருக்கும் பழைய குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருந்தால் நீக்கக் கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, இத்தனை வருஷமாக வழக்கில்லை என்று கடைக் கணக்கோடு மனு கொடுக்கலாம்.

கையில் 4,000 ரூபாய்தான் இருக்கிறது. என்ன செய்ய முடியும்?
– கம்பம்

உங்கள் ஊரில் விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் கூட்டம் இருக்கிறதே. நாலரை மணிக்கு அங்கே டீ வேண்டும். 5 லிட்டர் கேன் ஒன்று, எவர்சில்வர் டம்ளர் முப்பது, வாளி இரண்டு, பழைய சைக்கிள்.

மூன்றரை லிட்டர் பால், ஒன்றரை லிட்டர் தண்ணீர், 150 கிராம் தூள், 450 கிராம் சர்க்கரை. ஐம்பது டீ வரும். செலவு 300-ஐ ஒட்டி, பத்து ரூபாய் டீ என்றால் கையில் 200 நிற்கும். இரண்டு கேன் ஓட்டப் பழகினால் காலை ஏழுக்குள் 400. இஞ்சியைத் தண்ணீரில் தூளோடு கொதிக்க விட்ட பிறகுதான் பால், பச்சை இஞ்சி பாலில் விழுந்தால் திரிந்துவிடும். கேனில் ஊற்றுமுன் கொதிநீர் விட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டுங்கள், சூடு ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும். பேப்பர் கப் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, எல்லையைத் தாண்டிக் கம்பம்மெட்டில் விற்றாலும் தடைதான். மூடியின் ரப்பர் வாஷரைத் தினமும் கழற்றிச் சோடா உப்பில் கழுவுங்கள். பால் வாடை முதலில் அங்கிருந்துதான் கிளம்பும்.